தீவுக்கும் கரைக்கும் இடையே ஒரு குரல்

நெடுந்தீவில், வைத்தியசாலைக்கு அண்மையில், ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு ஒன்று இன்றும் நிற்கிறது. பவளக்கல்லால் எழுப்பி, புறாக்கள் தங்குவதற்கெனச் சிறு பொந்துகள் பல வைத்துக் கட்டியது அது. தீவைக் காண வருவோர் பெருக்குமரத்தையும் கோட்டையின் இடிபாடுகளையும் மேய்ந்து திரியும் குதிரைகளையும் பார்த்த பின்னர், படகுக்கு நேரமிருந்தால் மட்டுமே இப்புறாக்கூட்டை எட்டிப் பார்ப்பர். செய்தி கொண்டு செல்லும் புறாக்களை ஒல்லாந்தர் இங்கே வளர்த்தனர் என்பது தீவார் வழிவழியாகச் சொல்லி வரும் செய்தி. கடலுக்கு மேலாகச் செய்தி அனுப்பும் கலையின் வரலாற்றை இத்தீவுகளை வைத்து ஆராயப் புகுவோர்க்கு இதனினும் நல்ல தொடக்கம் கிடையாது.

தூதுப் புறாவின் இயல்பு ஒன்றை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். அது தான் வளர்ந்த கூட்டுக்குத் திரும்பும், வேறெங்கும் போகாது. தீவிலிருந்து பட்டினத்துக்குச் செய்தி போகவேண்டுமாயின், பட்டினத்துப் புறாவை முன்கூட்டியே கூண்டிலடைத்துத் தோணியில் தீவுக்குக் கொண்டுவந்து வைத்திருத்தல் வேண்டும். விடை வரவேண்டுமாயின், தீவுப் புறாவொன்று பட்டினத்திற் காத்திருத்தல் வேண்டும். ஆகவே அதிகாரியிடம் புறாக்கள் இருக்கும் அளவுக்கே அவர் பேசலாம். ஊரார் அப்புறாவின் காலிற் கட்டித் தம் செய்தியை அனுப்பினர் என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. புறா அரசாங்கத்துக்குரியது, அது பறக்கும் வழியும் அவ்வாறே. பின்னர் வந்த கருவிகள் யாவற்றுக்கும் இந்த வழக்கே அடிப்படையாய் அமைந்துவிட்டது என்பது என் கருத்து.

தீவுகளின் கிடப்பை அறியாத நேயர்களுக்காகச் சில சொற்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக வேலணைக்கும், அங்கிருந்து மற்றொரு தாம்போதி வழியாகப் புங்குடுதீவுக்கும் தரைவழியே போகலாம். புங்குடுதீவின் மேற்கு ஓரத்திலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையோடு தரை முடிகிறது. அப்பால் நயினாதீவும் நெடுந்தீவும் கடல்வழி. நயினாதீவு கண்ணுக்கெட்டிய தூரம். நெடுந்தீவுக்கோ மோட்டார்ப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் போகவேண்டும். கச்சான் காற்றுக் காலத்தில் இன்னும் கூடும். ஒல்லாந்தர் வேலணைக்கு லெய்டன் என்றும், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்றும், நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். அவற்றுள் நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்ற பெயரே இன்றும் அரசாங்க ஏடுகளில் வழங்குகிறது. ஏனையவை மறைந்தன.

புறாவுக்குப் பின் நெடுங்காலம் கண்ணே செவியின் வேலையைச் செய்தது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே நீரின் நடுவில் நிற்கும் கடற்கோட்டையும், காரைநகர்க் கோவளத்து வெளிச்சவீடும் கடலோடிக்குக் கரையின் செய்தியைச் சொல்பவை. ஆனால் வெளிச்சவீடு தானிருக்கும் இடத்தை மட்டுமே சொல்லும்; கடலோடி என்ன நிலையில் இருக்கிறான் என்பதை அது கேட்டறியாது. கடலிற் போனவன் திரும்பும் வரையில் வீட்டார் செய்யக்கூடியது பாதை பார்த்திருப்பதே. அம்பாளை வேண்டுதலையும் அதனோடு சேர்த்துச் சொல்லவேண்டும். நயினை நாகபூசணியம்மன் கோயிலின் நேர்த்திகளில் கடலிற் போனவர் கரை சேர வேண்டி வைத்தவை எத்தனையோ!

இலங்கையின் முதல் தந்திக் கம்பி 1858 இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே இழுக்கப்பட்டது. நாளடைவில் தந்தி வடபகுதிக்கும் வந்தது. தந்தி காசு கொடுத்தார் யாவர்க்கும் உரியது. அவ்வகையில் புறாவிலும் பெரிய முன்னேற்றம். எனினும் அது கம்பியுள்ள இடத்திலிருந்து கம்பியுள்ள இடத்துக்கே போகும். ஓடும் தோணிக்கு எவரும் கம்பி இழுக்க முடியாது. அந்தக் குறையைத் தீர்த்தது கம்பியில்லாத் தந்தி. மார்க்கோனி 1901 இல் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து குறியொலியைப் பெற்றபின், அதனை முதலில் விரும்பி ஏற்றவர்கள் கப்பற்காரர்களே.

இங்கேதான் நம் பொருளின் முடிச்சு இருக்கிறது. கம்பிக்குள் ஓடும் செய்தி கம்பிக்குள்ளேயே இருக்கும். வெளியில் விட்ட செய்தியோ எல்லோருடைய செய்தியோடும் மோதும். ஒரு வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் விடை சொன்னால் ஆசிரியருக்கு ஒரு விடையும் கேளாது; வானமும் அத்தகைய வகுப்பறையே.

1912 ஏப்ரில் 14 ஆம் திகதி இரவு நடந்தது இதற்குச் சான்று. டைற்றானிக் கப்பலுக்கு அண்மையில் பனிக்கட்டிகளுக்கிடையே நின்றுவிட்ட கலிபோர்னியன் என்ற கப்பலின் கம்பியில்லாத் தந்திக்காரர், தம் நிலையை அறிவிக்க முற்பட்டார். டைற்றானிக்கின் தந்திக்காரரோ பிரயாணிகளின் சொந்தச் செய்திகளைக் கரைக்கு அனுப்புவதில் மூழ்கியிருந்தார். அண்மையிலிருந்து பலமாக வந்த அந்த ஒலி தம் வேலையைக் குழப்பியதால், பேசாதிருக்கும்படி கடிந்து விடை அனுப்பினார். கலிபோர்னியன்காரர் சிறிது நேரத்தின் பின் கருவியை நிறுத்திவிட்டு உறங்கப் போனார். அதன்பின் சில நிமிடங்களுக்குள் டைற்றானிக் பனிமலையில் மோதியது. அபய அழைப்புப் புறப்பட்டபோது, மிக அருகில் நின்ற கப்பலில் அதனைக் கேட்கச் செவி இல்லை. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். அவ்வாண்டிலேயே ஐக்கிய அமெரிக்கா சட்டமியற்றி, உரிமம் பெறாது வானில் ஒலி அனுப்புவதைத் தடுத்தது. பொழுதுபோக்காளர்களை 200 மீற்றருக்குக் குறைந்த அலைகளுக்குள் ஒதுக்கியது. 1914 இல் இலண்டனிற் கூடிய நாடுகள், பெருங் கப்பல்கள் இரவு பகலாகச் செவிகொடுத்திருக்க வேண்டும் என்று உடன்பட்டன.

ஒரே விபத்திலிருந்து உலகம் இரண்டு பாடங்களைக் கற்றுக்கொண்டது. பேசுவதற்கு உத்தரவு வேண்டும் என்பது ஒன்று. ஆபத்துக் குரலுக்கு எவருடைய உத்தரவும் வேண்டாம், அதனைக் கேட்பது எல்லோர்க்கும் கடமை என்பது மற்றொன்று. சட்டம் செய்வோர் முதற் பாடத்தை நன்றாக நினைவில் வைத்திருந்தனர். இரண்டாவதைச் சிறு படகுகளின் விடயத்தில் அடிக்கடி மறந்தனர்.

இலங்கையில் ஒலிபரப்பின் கதை நேயர்களுக்குப் பழக்கமானது. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளர் எட்வர்ட் ஹாப்பர், கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் உறுப்புகளைக் கொண்டு ஒலிபரப்பியொன்றை அமைத்து, 1923 இல் கிராமபோன் இசையை ஒலிபரப்பிப் பரீட்சித்தார். 1925 டிசம்பர் 16 இல் தேசாதிபதி ஹியூ கிளிபோர்ட் கொழும்பு வானொலியைத் தொடக்கி வைத்தார். அது பின்னர் இலங்கை வானொலியாகி, 1967 இல் கூட்டுத்தாபனமாயிற்று. தீவகத்தின் திண்ணைகளிலும் வாசிகசாலைகளிலும் வானொலிப் பெட்டிகள் வந்தன. மின்சாரம் எட்டாத வீடுகளில் மின்கலங்களால் இயங்கும் பெட்டிகள் வந்தன. கேட்கும் பெட்டிக்கும் ஒரு காலத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி உரிமம் பெறவேண்டியிருந்ததை முதியோர் மறந்திருக்கமாட்டார். ஆக, தீவான் வானொலிக்குள் நுழைந்தது கேட்பவனாக. பேசுபவனாக அவன் நுழைவதற்கு வாயில் திறக்கப்படவில்லை.

கேட்பது மட்டும் போதாது என்பதைக் கடல் பலமுறை உணர்த்தியது. 1964 டிசம்பரிற் பெருஞ் சூறாவளி வட இலங்கையைத் தாக்கிப் பாக்கு நீரிணையைக் கடந்து, டிசம்பர் 22 ஆம் திகதி நள்ளிரவை ஒட்டித் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற புகைவண்டி அலைகளால் மூடுண்டது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். தந்திக் கம்பிகள் அறுந்துவிட்டமையால், ஒரு புகைவண்டி முழுவதும் மறைந்துபோன செய்தியே வெளியுலகுக்குக் காலந் தாழ்த்தித்தான் எட்டியது. நம் தீவுகளும் அதே நீரிணையின் ஓரத்திற் கிடப்பவை என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கையிற் பிடித்து நடந்துகொண்டே பேசும் வானொலி இரண்டாம் உலகப் போரில் உருவானது. அமெரிக்கப் படையினர் முதுகிற் சுமந்த கருவி ஏறத்தாழ 16 கிலோகிராம் நிறையுடையது. கையடக்கமான மற்றொன்று இரண்டரைக் கிலோகிராமுக்கும் குறைவு. முதுகிற் சுமந்ததையே ‘வோக்கி டோக்கி’ என்றனர். நாளடைவில் இரண்டுக்கும் அப்பெயரே நிலைத்தது. படைக்கலமாகப் பிறந்தமையால் படைக்கலத்துக்குரிய அச்சமும் அதனோடு ஒட்டிக்கொண்டது. வடக்கிற் போர் நடந்த ஆண்டுகளில் ஒருவர் கையில் வோக்கி டோக்கியைக் கண்டால், அவர் ஏதோ ஒரு பக்கத்து ஆயுதக்காரர் என்றே மக்கள் கொண்டனர். ஒரு சாதாரண கடற்றொழிலாளி அதனை வைத்திருப்பது நினைத்தும் பார்க்க முடியாத செயல். பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் வானொலிப் பெட்டிக்கான மின்கலங்களே யாழ்ப்பாணத்துக்குள் வரக்கூடாத பொருள்களாயிருந்தன. மிதிவண்டியைத் தலைகீழாய் நிறுத்தி, பெடலைக் கையாற் சுற்றி, தைனமோவின் மின்சாரத்திற் செய்தி கேட்ட தலைமுறையொன்று இன்னும் நம்மிடையே இருக்கிறது. பெளதிகவியலை அவ்வளவு ஆர்வத்தோடு வேறெந்தப் பாடசாலையிலும் எவரும் கற்றிரார்!

அக்காலத்தின் துயரங்களுள் ஒன்றை இங்கே கூறாது செல்லல் தகாது. 1985 மே 15 ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் பிரயாணிகளுடன் புறப்பட்ட குமுதினிப் படகு கடலின் நடுவே மறிக்கப்பட்டது. அதிலிருந்த ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றிப் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஆகக் குறைந்தது 23 பேர் என்று சர்வதேச மன்னிப்புச் சபை குறித்தது. தீவார் கணக்கில் அத்தொகை 30 இனும் மேலானது. ஒரு வானொலிக் கருவி அவர்களைக் காத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. கொல்ல வந்தவர்களைக் குரல் தடுத்துவிடாது. ஆயினும் தீவுக் கடலின் இயல்பை அந்நாள் எவர்க்கும் விளங்க வைத்தது. இருகரையிலும் ஊர்கள் இருக்கின்றன. இடையில் நடப்பதோ கரையில் நிற்பவரின் கண்ணுக்கும் செவிக்கும் எட்டுவதில்லை. குமுதினியிற் பிரயாணஞ் செய்து பழகிய ஒவ்வொரு நெடுந்தீவுக் குடும்பமும் அந்த இடைவெளியை அறியும்.

இனி இக்காலத்துக்கு வருவோம். 2009 இற் போர் முடிந்தபின் கைப்பேசி தீவுகளெங்கும் பரவியது. அதனோடு, கடைகளிலும் இணையவழி வணிகத்திலும் விலை மலிந்த கைவானொலிகளும் வந்தன. இளைஞர் சிலர் ஒரு கேள்வி கேட்கின்றனர். பொலிசாரும் தீயணைப்போரும் துறைமுகத்தாரும் இத்தகைய கருவிகளிற்றானே பேசுகின்றனர்? நாமும் ஒன்றை வாங்கி அவர்களுடைய வலையிற் சேர்ந்துகொண்டால், கடலில் ஆபத்து நேரும்போது நேரே அவர்களையே அழைக்கலாமன்றோ? கேள்வி நியாயமானது. அதற்கு விடை சொல்ல, அந்த வலை எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும்.

உலகின் பல நாடுகளில் பொதுப்பணிக்குரிய வானொலிகள் இப்போது ‘ட்ரங்க்’ முறையில் இயங்குகின்றன. முதியோர்க்கு இச்சொல் புதியதன்று. தபாற் கந்தோரில் மணிக்கணக்காய்க் காத்திருந்து கொழும்புக்கு எடுத்த ட்ரங்க் கோலை எவர் மறப்பார்? ஊருக்கும் ஊருக்கும் இடையே சில கம்பிகளே இருக்கும். பேச விரும்புவோரோ பலர். எந்தக் கம்பி வெறுமையாகிறதோ அதனை அடுத்தவருக்குக் கொடுப்பார் தொலைபேசி நிலையத்தார். வானொலியிலும் அதுவே நடக்கிறது. ஐந்து திணைக்களங்களுக்கு ஐந்து தடங்களைத் தனித்தனியே பங்கிட்டுக் கொடாது, ஐந்தையும் பொதுவில் வைத்துக்கொள்வர். கருவியின் பொத்தானை ஒருவர் அழுத்தியதும், அது கட்டுப்பாட்டுத் தடத்தின் வழியே மத்திய கணினிக்கு விண்ணப்பம் செய்கிறது. கணினி வெறுமையான தடமொன்றை ஒதுக்கி, அவருடைய குழுவைச் சேர்ந்த கருவிகள் எல்லாவற்றையும் அத்தடத்துக்குத் திருப்புகிறது. பேச்சு முடிந்ததும் தடம் பொதுவுக்கு மீள்கிறது. இவையாவும் ஒரு நொடிக்குள் நடந்துவிடும்.

இதன் நன்மையைக் கணக்கிட்டுக் காட்டும் வழியை அமைத்தவர் டென்மார்க் நாட்டு அறிஞர் ஏ. கே. ஏர்லாங். கொப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியில் வேலை செய்த அவர் 1909 இலும் 1917 இலும் வெளியிட்ட ஆராய்ச்சிகள் இன்றும் பயன்படுகின்றன. அவருடைய சூத்திரத்தைக் கரும்பலகையில் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். ஐந்து குழுக்கள், ஒவ்வொன்றும் மணிக்கு 24 நிமிடம் பேச விரும்புகிறது என்று வைப்போம். குழுவுக்கு ஒரு தடமாகப் பிரித்துக் கொடுத்தால், பேச முற்படும் நூறு வேளைகளில் ஏறத்தாழ 29 வேளைகளில் தடம் வெறுமையாயிராது. அதே ஐந்து தடங்களையும் ஐந்து குழுக்களுக்கும் பொதுவாக்கினால், நூற்றில் நான்குக்கும் குறைந்த வேளைகளிலேயே அந்தத் தடை நேரும். ஒரு மீடிறனைக்கூடப் புதிதாய்ச் சேர்க்கவில்லை. பங்கிட்ட முறையை மாற்றியதே இவ்வளவு பயன் தந்தது. நம்மூர்ப் பொதுக்கிணற்றில் வீட்டுக்கொரு துலா என்று பங்கிடாது, வெறுமையான துலாவை வந்தவர் பிடிக்கலாம் என்று விட்டால் எவ்வளவு பேருக்குத் தண்ணீர் கிடைக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் விளங்கும்.

ஆனால் பொதுக்கிணற்றுக்கு வேலி வேண்டும். இம்முறையில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அடையாள எண் உண்டு. கணினியின் பதிவில் அவ்வெண் இல்லாவிட்டால் கருவிக்குத் தடம் கிடையாது. பேச்சைப் பிறர் கேளாதவாறு மறைகுறியாக்குதலும் பல வலைகளில் உண்டு. காணாமற்போன கருவியைத் தூரத்திலிருந்தே செயலிழக்கச் செய்யும் வசதியும் சிலவற்றில் உண்டு. கடையில் வாங்கிய கருவி உருவத்தில் அவர்களுடையதை ஒத்திருக்கலாம். ஒரே தொழிற்சாலையிற் செய்ததாகவும் இருக்கலாம். ஆயினும் வலையை நிருவகிப்போர் எண் வழங்கி, கருவிக்குரிய நிரலை எழுதிக் கொடுத்தாலன்றி, அது வாயிலில் நிற்கும் ஊமையே. எவருடைய எண்ணையேனும் களவாய்ப் பதித்து உள்ளே நுழைய முயல்வோரும் சில நாடுகளில் அகப்பட்டிருக்கின்றனர். அவர் ஒருவர் பொத்தானை அழுத்தும்போது, நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டிக்குரிய தடம் ஒன்று குறைந்துபோகலாம் என்பதே அதன் குற்றம். வேறு சில நாடுகளில் தொண்டர் தீயணைப்போர் தம் சொந்தக் கருவியைத் தலைமை அதிகாரியின் எழுத்து மூல அனுமதியுடன் வலையிற் சேர்த்துக்கொள்கின்றனர். வேலிக்கு ஒரு படலையும் உண்டு. அதற்கு உரிய முறையில் தட்டவேண்டும்.

இலங்கையில் இத்துறையை ஆள்வது 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம். 1996 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கத் திருத்தத்தால் அமைந்த தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவே மீடிறன்களைப் பங்கிடுவது. வானொலியால் ஒலி அனுப்பும் கருவிக்கு உரிமம் வேண்டும். சட்டத்தை அறியாது கருவியை வாங்கிவிட்டுப் பின்னர் அல்லற்படுவதிலும், முதலில் விண்ணப்பிப்பது நன்று என்பதை மாணவர்க்கு நான் சொல்வதுண்டு.

மூடிய வலையை மூடியே வைத்திருத்தல் நியாயம் என்ற பக்கத்திலேயே நான் நிற்கிறேன். ஆனால் அனுமதி என்பதைக் காலமறிந்து கொடுத்தல் வேண்டும். இதற்கு அந்தமான் தீவுகளில் நடந்ததை உதாரணமாய்க் கூறலாம். இந்தியாவின் அந்தமான் நிக்கோபார் தீவுகளிற் பொழுதுபோக்கு வானொலியாளர் இயங்குவதற்கு நெடுங்காலம் உத்தரவு கிடைக்கவில்லை. பாரதி பிரசாத் என்ற பெண்மணி பல ஆண்டுகள் விடாது முயன்று உத்தரவு பெற்று, 2004 டிசம்பரிற் குழுவொன்றுடன் போர்ட் பிளேயருக்குச் சென்று கருவிகளை நிறுவினார். உலகெங்குமுள்ள வானொலியாளரோடு உரையாடும் பொழுதுபோக்குக்காகவே அவர் சென்றது. டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை வந்தது. தொலைபேசிகள் செயலிழந்தன. பொழுதுபோக்குக்காக நிறுவிய அக்கருவிகளே தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்தி கொண்டு செல்லும் வழியாயின. உறவினர் உயிரோடிருக்கும் செய்தி பல குடும்பங்களுக்கு அவ்வழியே சென்றது. கந்தோரொன்றின் கோப்பில் அந்த உத்தரவு இன்னும் ஒரு மாதம் உறங்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு. தீவு மக்கள் நாம். நமக்கு அது பிறத்தியார் கதை ஆகாது.

அப்படியாயின் நெடுந்தீவுப் படகுக்காரர் எந்த வாயிலைத் தட்டுவது? மூடிய வலையை நாடி அவர் செல்லவேண்டியதில்லை. கடலுக்கென்றே திறந்த தடம் ஒன்று உலகெங்கும் இருக்கிறது. கடல்வானொலியின் 16 ஆம் தடம் என்பது அதன் பெயர், 156.8 மெகாஹேர்ட்ஸ் மீடிறனில் உள்ளது. டைற்றானிக்கின் இரண்டாவது பாடம் என்று முன்னர் கூறினேனே, அதன் நேர்வாரிசு இத்தடம். அதனை வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். ஆனால் உயிராபத்து நேரத்தில் எழும் அழைப்பு எவருடையதாயினும் கேட்டவர் உதவவேண்டும் என்பது அதன் முறை.

கைப்பேசி இருக்க இது எதற்கு என்று கேட்பார் சிலர். கைப்பேசி ஓர் எண்ணுக்குரியவரை மட்டும் அழைக்கும். அவர் உறங்கினால் அழைப்பு வீண். கடல்வானொலியில் எழுந்த குரலை எல்லைக்குள் இருக்கும் படகுகள் யாவும் ஒருங்கே கேட்கும். ஆபத்திலிருப்பவனுக்கு வேண்டியவர் தெரிந்தவரல்லர், அருகிலிருப்பவரே. கரையிலுள்ள கைப்பேசிக் கோபுரத்தை விட்டு விலக விலகக் கைப்பேசியின் தொடர்பு அறும் என்பதையும், சூறாவளியில் முதலில் விழுவது அத்தகைய கோபுரங்களும் அவற்றுக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பிகளும் என்பதையும் தீவார்க்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

கடல்வானொலிக்கும் எல்லை உண்டு. அது ஏறத்தாழ நேர்கோட்டிற் செல்வது. பூமியின் வளைவு அதனை மறைக்கும். கடல்மட்டத்துக்கு இரண்டு மீற்றர் உயரத்தில் அலைவாங்கி வைத்த இரு சிறு படகுகள் ஏறத்தாழ 11 அல்லது 12 கிலோமீற்றர் தூரத்துக்குள் பேசலாம். கரையில் 30 மீற்றர் உயரக் கம்பத்தில் அலைவாங்கி இருந்தால், அத்தூரம் 28 கிலோமீற்றர் வரை நீளும். குறிகட்டுவான் துறையிலோ நயினாதீவிலோ அத்தகைய ஒரு கம்பம் நின்று, அதன் அடியில் இரவு பகலாக ஒருவர் செவிகொடுத்திருந்தால், தீவுக் கடலின் பெரும்பகுதி ஒரு குரலின் எல்லைக்குள் வந்துவிடும். தீவுகளுக்கிடையே பிரயாணிகளை ஏற்றும் ஒவ்வொரு படகிலும் உயிர்காப்பு அங்கியை எவ்வாறு எண்ணிப் பார்க்கிறோமோ, அவ்வாறே இக்கருவியையும் எண்ணிப் பார்க்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். நயினையின் ஆனித் திருவிழாக் காலத்தில், ஒன்றன்பின் ஒன்றாகப் படகுகள் சனக்கூட்டத்தை ஏற்றிச் செல்வதைக் கண்டவர்கள் இதனை மிகையென்று கூறார்.

அழைக்கும் முறையையும் கூறிவிடுகிறேன். தீவகப் பாடசாலைகளில் உள்ள ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். 16 ஆம் தடத்தைத் திருப்பி, பொத்தானை அழுத்தி, ‘மேடே’ என்ற சொல்லை மூன்று முறை சொல்லவேண்டும். எனக்கு உதவி செய்யுங்கள் எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியிலிருந்து 1920களில் ஆங்கிலேயர் அமைத்துக்கொண்ட சொல் அது. அதன்பின் படகின் பெயரை மூன்று முறை சொல்லவேண்டும். மீண்டும் ஒருமுறை அச்சொல்லையும் படகின் பெயரையும் சொல்லி, இருக்குமிடத்தைக் கூறவேண்டும்: இடங்காட்டும் கருவி இருந்தால் அதன் எண்களை, இல்லாவிட்டால், நயினாதீவுக் கோபுரம் எத்திசையில் எவ்வளவு தூரத்திற் தெரிகிறது என்பதை. பின்னர் நேர்ந்த ஆபத்து, வேண்டிய உதவி, படகில் உள்ளோர் தொகை. இவற்றைச் சொல்லி முடித்தவுடன் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும். பதற்றத்தில் அதனை அழுத்திப் பிடித்திருப்போரே பெரும்பாலார். பிடித்திருக்கும் வரையில் மறுகரையிலிருந்து வரும் விடை கேளாது.